இரண்டாம் கியரோடு முடிந்துவிடும் ஊர்

சிங்கப்பூரில் எந்த விரைவுச்சாலையிலும் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. என்னுடைய டொயோட்டா 86 இரண்டாம் கியரிலேயே, எஞ்சின் 7,400 சுற்றைத் தொடும்போது தொண்ணூறைத் தாண்டிவிடும். அதற்கு மேல் இருக்கிற நான்கு கியர்களும் இந்த ஊரில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான். ஆறாவது கியரில் தொண்ணூறில் போனால் எஞ்சின் 2,400 சுற்றில் அரைத்தூக்கத்தில் இருக்கும். "இந்த ஊர்ல இந்தக் கார் எதுக்கு மாப்பிள்ளை?" என்று என் மாமனார் கேட்டார். இன்று வரை என்னிடம் சரியான பதில் இல்லை. பெண் கொடுத்தவர் என்பதால் அவரும் மறுபடி கேட்கவில்லை.

2017-இல் வாங்கியபோது காருக்கு நான்கு வயது. சாம்பல் நிறம், மேனுவல் கியர். முதல் சொந்தக்காரர் குழந்தை பிறந்ததும் விற்றுவிட்டார். எனக்குக் குழந்தை பிறந்தபோது நான் விற்கவில்லை. அதற்குத் தண்டனையாக இரண்டு வருடம் முன்சீட்டை மடக்கி, இடுப்பை ஒடித்து, பின்னால் குழந்தை இருக்கையின் பக்கிளைத் தேடிக்கொண்டிருந்தேன். முதுகு பிடித்துக்கொண்ட நாள்களில் மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள். தைலத்தை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பிறகு நான் செய்த கோமாளித்தனங்கள் புரியும். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்து 2012-இல் விற்பனைக்கு வந்த கார். எஞ்சின் சுபாருவுடைய பாணி: நான்கு சிலிண்டர்களும் நிற்காமல் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக் கிடக்கும். அதனால் எடை தரையோடு தரையாக இருக்கும். சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86. பெயருக்குப் பொருத்தமாக அமைத்திருக்கிறார்கள். 1,998 சிசி, 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் இழுவிசை. டர்போ கிடையாது. எடை 1,250 கிலோவை ஒட்டி. டயர்கள் 215 அகலம்தான், டொயோட்டா பிரியஸில் வரும் அதே ரக மிஷலின் பிரைமசி. சிக்கனக் காரின் டயரை ஸ்போர்ட்ஸ் காரில் மாட்டியதைப் பலர் கேலி செய்தார்கள். டெட்சுயா டாடா தலைமையில் இதை வடிவமைத்தவர்கள் தெரிந்துதான் செய்தார்கள். பிடிமானம் குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே கார் வழுக்கும், ஓட்டுபவருக்குச் செய்ய வேலை இருக்கும்.

இன்னொன்று. பின்சீட்டை மடித்தால் நான்கு டயர்களை ரிம்மோடு உள்ளே வைக்கலாம். டயரை ஏற்றிக்கொண்டு பந்தயத் தளத்துக்கு ஓட்டிப் போய், மாற்றி, நாள் முழுக்க ஓடி, மறுபடி பழையதை மாட்டிக்கொண்டு வீடு திரும்பலாம் என்று யோசித்தே அந்த இடத்தை அளந்திருக்கிறார்கள். விற்றவர் இதைச் சொன்ன நிமிடத்தில் பேரம் பேச மறந்துவிட்டேன்.

பந்தயத் தளம் என்றால் எங்களுக்கு மலேசியாதான். சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை பழைய அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரி நடந்தது. இன்று அங்கே போனால் குரங்குகள் இருக்கும். மரீனா பேயில் 2008-லிருந்து இரவில் ஃபார்முலா 1 ஓடுகிறது, அந்தச் சாலைகளில் மற்ற நாள்களில் நாங்கள் சிவப்பு விளக்குக்குக் காத்திருப்போம். சாதாரண மனிதன் தன் காரை முழுதாக ஓட்டிப் பார்க்க ஒரு இடம் இந்தத் தீவில் கிடையாது. துவாஸ் இரண்டாம் இணைப்பைத் தாண்டி, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் செபாங். போகும் வழியில் மகளின் பொம்மை ஒன்று பின்சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டே வரும்.

ஆனால் செபாங் போவதற்கு முன்பே செலவு செய்துவிட்டேன். எல்லாரும் செய்யும் தப்புதான். கார் வாங்கிய ஆறு மாதத்தில் எக்ஸாஸ்ட் மாற்றினேன். இங்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் எக்ஸாஸ்டில் கை வைக்க முடியாது. அதனால் முறையாக ஒப்புதல் வாங்கக்கூடிய ரகத்தையே போட்டேன். சத்தம் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் சட்டம் காருக்கு வெளியே நின்று அளக்கிறது. உள்ளே, சரியாக அந்த 2,400 சுற்றில், தொண்ணூறில் போகும்போது, காதுக்குப் பின்னால் யாரோ மாவு அரைப்பது மாதிரி ஒரு ரீங்காரம். வேலைக்குப் போக முப்பது நிமிடம், வர நாற்பது. ஒரு நாள் மேல்மாடி சீன ஆன்ட்டி லிஃப்டில் என் மனைவியிடம், "உங்கள் வீட்டுக்காரர் காரில் ஏதாவது ரிப்பேரா? காலையில் பாவம், கஷ்டப்பட்டு ஸ்டார்ட் ஆகிறது" என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்து வாங்கிய சத்தம் அது.

அடுத்தது சஸ்பென்ஷன். உயரத்தைத் திருகிக் குறைக்கும் காயில்ஓவர் வகை. படத்தில் பார்த்த கார்களெல்லாம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழையாதபடி பதுங்கி நின்றன. நானும் நான்கு சென்டிமீட்டர் இறக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்தத்தில் நான்காம் தளத்துக்கு ஏற எட்டுத் திருப்பம், ஒவ்வொரு சரிவின் முடிவிலும் முன்பக்கம் 'கர்ர்ர்' என்று உரசும். வேகத்தடையைக் கோணலாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏறி இறங்க வேண்டும். பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிப்பார். இறக்கிய காரில் சக்கரம் மேலே போக இடமில்லை, கொஞ்சம் பெரிய மேடு வந்தாலே ரப்பர் தடுப்பில் போய் முட்டும். முட்டிய நொடியில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாதது மாதிரி. சாலையில் அது முதுகுவலியாகத் தெரிந்தது. வளைவின் நடுவில் வேறு மாதிரித் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் ட்ராக் டே, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டவிடும் நாள், 2018-இல். போவதற்கு இரண்டு வாரம் முன்பு இங்கே ஒரு பட்டறையில் காரை விட்டேன். பெயர் வேண்டாம். "ட்ராக்குக்குப் போகிறேன், எல்லாம் பார்த்துவிடுங்கள்" என்றேன். எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில் மாற்றம், பொதுப் பரிசோதனை என்று பில் வந்தது. காசைக் கட்டிவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன்.

செபாங் பற்றிப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் நேரில் பார்த்தால் வாய் பிளக்கும். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 ஓடிய தளம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், பதினைந்து வளைவுகள். நான் முதலில் கவனித்தது அகலத்தை. நம் ஊர் விரைவுச்சாலையின் எல்லா வழித்தடங்களையும் சேர்த்துப் போட்டது மாதிரி, நடுவில் ஒரு கோடுகூட இல்லாத தார். எங்கே ஓட்ட வேண்டும் என்று சொல்ல ஒன்றுமில்லை. பார்வையாளர் மாடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நீள நேர்பாதை, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் இணைப்பது கடைசி வளைவு, பதினைந்தாவது. இடப்பக்கம் கொண்டை ஊசி.

இருபது நிமிடம் ஒரு அமர்வு. முதல் அமர்வில் பயம். இரண்டாவதில் பயம் போய்விட்டது, அறிவு இன்னும் வரவில்லை. அதில் நான்காவது சுற்றோ ஐந்தாவதோ. பின்பக்க நேர்பாதையின் கடைசியில் 170-ஐத் தாண்டியிருந்தேன். பிரேக்கை மிதித்தேன். கால் போய்க்கொண்டே இருந்தது. ஈரத் துணியை மிதிப்பது மாதிரி. பெடல் தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை. எங்கோ படித்த ஞாபகத்தில் காலை எடுத்து எடுத்து மூன்று முறை வேகமாக மிதித்தேன், மூன்றாவது மிதிக்குக் கொஞ்சம் கெட்டியாயிற்று. கியரை இறக்கினேன். அகலத்தைக் குறை சொன்னேனே, அந்த அகலம்தான் காப்பாற்றியது. வளைவைப் பாதியில் விட்டு, தளத்தின் வெளியோரம் வரை போய், கொடிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கார் நின்றது. எந்தச் சேதமும் இல்லை. சட்டைக்கு உள்ளே மட்டும் மழை.

திரும்பும் வழியில் ஜோகூர் பாருவில் நண்பன் சொன்ன ஒரு பட்டறைக்குப் போனேன். நடத்துகிறவர் தமிழர், ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத்து லாரிகளில் தொடங்கிய கை. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி போத்தலில் பிரேக் ஆயிலைப் பிடித்தார். தேத்தண்ணி நிறம். பால் ஊற்றாத தேத்தண்ணி.

"மாத்துனாங்கன்னு சொன்னியே தம்பி, என்னாத்த மாத்துனாங்க? மேல டப்பாவுல இருக்குறத உறிஞ்சிட்டு புதுச ஊத்தியிருக்கான். கீழ இருக்குறது காடி பொறந்தப்ப ஊத்துனது லா."

அவர் சொன்னதை நான் பிறகு படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஊறிய பிறகு அதன் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். நான் மிதித்தது அந்தக் குமிழிகளை. அதை ஆவியாக்கும் அளவுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னையும் சேர்த்து 1,300 கிலோ கார், 190-இலிருந்து 70-க்கு இறங்க வேண்டுமானால், ஐந்து லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் பிரேக்கில் போய் இறங்குகிறது. நாலைந்து விநாடிக்குள். வீட்டுக் கேஸ் அடுப்பில் அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். செபாங்கில் ஒரு சுற்றில் இப்படிப்பட்ட பெரிய பிரேக் இரண்டு, சின்னதாக இன்னும் ஐந்தாறு. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது நிமிடம்.

அதாவது நான் எக்ஸாஸ்டுக்குக் கொடுத்த காசில் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டியிருக்கவில்லை. நல்ல பிரேக் ஆயில் ஒரு லிட்டர், அதை நான்கு சக்கரத்திலும் கடைசிச் சொட்டு வரை மாற்றும் பொறுமை உள்ள ஒரு மனிதர். அவ்வளவுதான் கேட்டது அந்தக் கார்.

அன்றிலிருந்து என் செலவு வரிசை மாறிவிட்டது. அந்த ஜோகூர் பட்டறை அண்ணன் முதலில் பிரேக் ஆயிலை மாற்றினார், 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரகம். இதை ட்ராக் போகும் முன் ஒவ்வொரு முறையும் மாற்றுகிறோம். அப்புறம் பிரேக் பேட். இதில்தான் தினசரி ஓட்டத்துக்கும் ட்ராக்குக்கும் நடுவில் உண்மையான சண்டை தொடங்குகிறது. கம்பெனி பேட் காலையில் முதல் மிதியிலேயே பிடிக்கும், சத்தம் போடாது. ஆனால் நான்கு சுற்றில் புகைந்துவிடும். முழுப் பந்தயப் பேட் சூடானால் கல் மாதிரி பிடிக்கும், குளிர்ந்திருக்கும்போது பிடிக்க யோசிக்கும், தெருவில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் பேருந்து மாதிரிக் கிறீச்சிடும். நடுவாந்தரமான ஒன்றை எடுத்தேன். அதுவும் கத்தத்தான் செய்கிறது. "அப்பா, கார் அழுவுது" என்றாள் மகள், பள்ளி வாசலில், அத்தனை பேர் முன்னால்.

புதுப் பேட் போட்டால் உடனே ஓடிவிடவும் கூடாது. வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்திக் குறைத்து, பிறகு ஆறவிட்டு, டிஸ்க்கின் மேல் பேட்டின் பொருள் சீராக ஒரு படலம் படியவிட வேண்டும். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதான். என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு மட்டும்தான் உடனே புரிந்தது. அதே போல, ஓடி முடித்து வந்து நிறுத்தியதும் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே உட்காரக் கூடாது. கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒட்டிய இடத்தில் தடம் விழுந்துவிடும், பிறகு பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். கடைசிச் சுற்றைப் பிரேக்கே போடாமல் மெதுவாகப் போய் ஆற்றிக்கொண்டு வந்து, கியரில் போட்டு, டயருக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இறங்க வேண்டும்.

டயர் பற்றி நாள் கணக்கில் பேசலாம், மனைவி விடமாட்டாள். சுருக்கமாக: பிரைமசியைக் கழற்றிவிட்டு நல்ல தெரு டயர் ஒரு செட், ட்ராக்குக்கென்று யோகஹாமா ஏடி08ஆர் ஒரு செட், தனி ரிம்களில். இரண்டாவது செட்டை எங்கே வைப்பது? வீவக வீட்டில் கொல்லைப்புறமா இருக்கிறது? எங்கள் வீட்டில் ஒரு பாம் ஷெல்டர் உண்டு. இரும்புக் கதவும் தடித்த சுவருமாக, போர் வந்தால் குடும்பம் பதுங்குவதற்காகக் கட்டிய சின்ன அறை. எல்லார் வீட்டிலும் போல அது எங்களுக்கும் மளிகை அறை. இப்போது அதில் ஒரு பக்கம் அரிசி மூட்டை, பொங்கல் பானை, தீபாவளிக்கு முறுக்கு பிழியும் உரல். மறுபக்கம் நான்கு டயர். போர் வந்தால் ரப்பர் வாசனையில் சாக வேண்டியதுதான் என்கிறாள்.

டயரில் காற்று ஒரு தனி வித்தை. காலையில் குளிர்ந்த டயரில் 28 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பினால், மூன்று சுற்று முடிந்து வரும்போது 35 காட்டும். அந்தச் சூட்டு அளவுதான் எனக்கு வேண்டியது. ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் காற்றுமானியும் கையுமாகக் குனிந்து நான்கு டயரையும் அளந்து, கூடினதை இறக்குவேன். சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கிறேன்: தரை காய்ந்ததா, வெயிலா மேகமா, முன் இடது எவ்வளவு. செபாங்கில் வலப்பக்க வளைவுகள்தான் அதிகம், அதனால் இடது முன் டயர்தான் முதலில் சாகும். இதில் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். மாலையில் டயர் மாற்ற அலுத்துப்போய் அதே செட்டோடு கிளம்பினேன். டயர் ஆறியதும் காற்று மறுபடி 27-க்கு வந்துவிட்டது. சிரம்பான் தாண்டிக் கொட்டிய மழையில் ஸ்டீயரிங் சேற்றில் பிடித்தது மாதிரி கனத்தது. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, குடை பிடித்துக்கொண்டு காற்று அடித்தேன். அந்த டயரில் தண்ணீர் வழிந்தோடும் பள்ளங்களும் குறைவு. இப்போது எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் டயரை மாற்றிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

காயில்ஓவரை விற்றுவிட்டு, கம்பெனி உயரத்தோடு ஒட்டிய ஸ்பிரிங்கும் கொஞ்சம் நல்ல டேம்பரும் போட்டேன். முன் சக்கரங்களின் மேல்பக்கத்தை உள்ளே சாய்க்கும் கேம்பர் போல்ட் மட்டும் மாட்டினோம். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது டயர் முழுப் பாதத்தையும் தரையில் வைக்க அது உதவும். ரொம்பச் சாய்த்தால் தினசரி ஓட்டத்தில் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்துவிடும். நான் இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக நிறுத்திக்கொண்டேன். எக்ஸாஸ்டும் போயிற்று. கம்பெனிக் குழாயை மாட்டிய அன்று ஆன்ட்டி, "சரி பண்ணிவிட்டீர்கள் போல" என்றார்.

எஞ்சின் ஆயில் சூடு இன்னொரு தலைவலி. இந்த எஞ்சினுக்குத் தெருவில் பிரச்சினை இல்லை. எங்கள் வெயிலில் ட்ராக்கில் ஓட்டினால் ஆயில் சூடு 130 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். காரில் அதைக் காட்ட மானிகூடக் கிடையாது, தனியாக ஒன்று வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. தெரியாமல் ஓட்டிய நாள்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. முன்னால் ஒரு ஆயில் கூலர் வைத்தோம், கொஞ்சம் கெட்டியான ஆயிலுக்கு மாறினோம். இப்போது 115-ஐ ஒட்டி நிற்கிறது.

குதிரைத்திறன்? இந்தக் காரை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு குறை உண்டு. 3,500 சுற்றிலிருந்து 4,500 வரை இழுவிசை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். மிதித்தால், "இரு, வருகிறேன்" என்று சொல்லும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றி, கணினியை மறுபடி எழுதினால் பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆனால் புகையை வடிகட்டும் கருவி அந்த மேனிஃபோல்டிலேயே இருக்கிறது. அதைத் தொட்டால் ஆய்வில் மாட்டுவேன். பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு பல மாதம் தடுமாறினேன். பிறகு ஒரு நாள் ட்ராக்கில் சுற்றுமானியைப் பார்த்தபோதுதான் உறைத்தது: அங்கே நான் 5,000-க்குக் கீழே வருவதே இல்லை. அந்தப் பள்ளம் இருப்பது அலுவலகம் போகும் வழியில் மட்டும். அங்கே அவசரப்பட்டு எங்கே போகப் போகிறேன்?

அந்தப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார் ஒரு மலாய்க்காரர். முதல் சுற்றில் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவதில் என் இடது கை விரல்களை ஸ்டீயரிங்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார், குழந்தையின் கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்குவது மாதிரி. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்புறம் நாள் முழுக்க ஒரே மந்திரம்: "பண்டாங் ஜாவ்." தூரத்தைப் பார். முதல் வளைவு வலப்பக்கம் சுருண்டுகொண்டே போய், முடிந்த இடத்தில் சட்டென்று இடப்பக்க இறக்கமாக இரண்டாவது வளைவு தொடங்கும். நான் முதல் வளைவின் உள்விளிம்பையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன், அதனால் இரண்டாவதுக்கு எப்போதும் தப்பான இடத்தில் வந்து சேர்ந்தேன். முதலாவதில் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடு, இரண்டாவதின் வெளிவாசலைப் பார் என்றார். ஐந்தும் ஆறும் வேகமான இடது, வலது. அங்கே பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் ஒரு மூச்சு தளர்த்தி, கார் மூக்கை உள்ளே திருப்பிக்கொண்டதும் மறுபடி மிதிக்க வைத்தார். பின்பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, கையில் தானாகத் திருத்தம் வந்தது. அவர், "ஹா" என்றார். இந்தக் காரை எதற்காக வாங்கினேன் என்று மாமனாருக்குச் சொல்ல வேண்டுமானால் அந்த ஐந்து விநாடியைத்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

காலையில் 3 நிமிடம் 4 விநாடியில் ஓடிக்கொண்டிருந்தவன் மாலையில் 2:57-க்கு வந்தேன். பிறகு டயர் மாற்றியதில் இன்னும் நான்கு விநாடி. இன்று வரை என் சிறந்த நேரம் 2:49. தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

குடும்பஸ்தர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண வாகனக் காப்புறுதி ட்ராக்கில் நடப்பதற்குப் பொறுப்பேற்காது. இடித்தால் முழுக்க நம் காசு. நான் எனக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: அன்று காலை, இந்தக் காரை அப்படியே அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வீட்டுக்குப் போக முடியுமா என்று கேட்டுக்கொள்வேன். முடியாது என்று தோன்றும் நாளில் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவேன். பெரும்பாலான நாள்கள் அப்படித்தான்.

2023 மார்ச்சில் காருக்குப் பத்து வயது முடிந்தது. சிங்கப்பூரில் இது வேறு மாதிரிப் பிறந்தநாள். கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் பத்து வருடத்துக்குத்தான். அதன் பிறகு காரைக் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஏல விலையின் மூன்று மாதச் சராசரியைக் கட்டி இன்னும் பத்து வருடம் நீட்டலாம், பாதியைக் கட்டி ஐந்து வருடம் நீட்டலாம். ஐந்து வருடம் எடுத்தால் அதோடு சரி, மறுபடி நீட்ட முடியாது. மனைவியும் நானும் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரம் கணக்குப் போட்டோம். புது ஜிஆர்86-ஐயும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். 2.4 லிட்டர் எஞ்சின், அந்தப் பழைய பள்ளமே இல்லை, 235 குதிரைத்திறன். விலையைக் கேட்டுவிட்டுத் தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். கடைசியில் ஐந்து வருடத்துக்குக் கட்டினேன். அதே வருடம் அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. சான்றிதழ் மட்டும், கார் இல்லாமல். அன்று மட்டும் வீட்டில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரி வருடத்துக்குப் பத்துப் பத்து விழுக்காடாக ஏறி, ஐம்பதில் போய் நிற்கும். ஆய்வும் இப்போது ஒவ்வொரு வருடமும். கழற்றிப் போட்ட கம்பெனிச் சாமான்களையெல்லாம் விற்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அவையும் பாம் ஷெல்டரில்தான் இருந்தன, டயருக்குப் பின்னால்.

2028 மார்ச்சில் இந்தக் கார் போய்விடும். ரிம் நான்கையும் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று ஜோகூர் அண்ணன் இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டார். "காடி போனா ரிம்ம வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போற தம்பி, கடலை வறுக்கப் போறியா?" என்கிறார். மகளுக்கு முன்சீட்டில் உட்காரும் உயரம் இன்னும் வரவில்லை. அதற்குள் வருமா என்று அவள் அடிக்கடி சுவரில் கோடு போட்டுப் பார்க்கிறாள்.

அடுத்த வாரம் செபாங்கில் ஒரு நாள் பதிந்திருக்கிறேன். அதற்கு முன் சனிக்கிழமை பிரேக் ஆயில் மாற்ற ஜோகூர் போக வேண்டும். பாலத்தைத் தாண்டும் முன் டாங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், இல்லையென்றால் சோதனைச்சாவடியில் அபராதம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்று காலை பார்த்தேன், முள் பாதிக்குக் கீழே நிற்கிறது.